ஒன்றரை எம்.எம். காடி

என் நாத்தனாரைப் பட்டறையில் எல்லோரும் 'கிளாம்ப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டப்போகும் இரும்புத் துண்டை மிஷின் மேஜையோடு இறுக்கிப் பிடித்துவைக்கும் பிடிதான் கிளாம்ப். மற்றவர்கள் அதை ஒரு தடவை முடுக்கிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இவர் மூன்று தடவை முடுக்குவார், பிறகு கையால் ஆட்டிப் பார்ப்பார், அதற்கும் பிறகு ஒரு தடவை சந்தேகத்தோடு பார்ப்பார். வீட்டிலும் அதே கதை. கேட்டைப் பூட்டினால் ஆட்டிப் பார்ப்பார். காஸ் குமிழை மூடினால் திருகிப் பார்ப்பார். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் முதுகைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர் அவர். ஏன் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னாராம்: "பிடிப்பு சரியில்ல." அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அவர் என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறோம். காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்று தொடங்குகிற சண்டை, பட்டறையில் ஒரே காற்றாடி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் முடியும். வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

என் வீட்டுக்காரர் லேத் ஓட்டுகிறவர். அண்ணி மில்லிங். இரண்டும் உலோகத்தை வெட்டும் மிஷின்கள்தான், ஆனால் குணம் வேறு. லேத்தில் இரும்புத் துண்டு சுற்றும், கத்தி அசையாமல் நிற்கும். மில்லிங்கில் கத்தி சுற்றும், துண்டு மேஜையோடு மெதுவாக நகரும். ஓட்டுகிறவர்களும் அப்படியே அமைந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார், தண்ணீர் முதல் தலைவலி மாத்திரை வரை எல்லாம் அவரைத் தேடி வர வேண்டும். அண்ணிக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது.

எனக்கு வேலை செக்கிங். வெட்டி முடித்த சாமான்களை அளந்து, சரி, சரியில்லை என்று சொல்வது. அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒன்பது வருஷத்துக்கு முன் முதலாளி என்னிடம் ஒரு கட்டு அட்டையைக் கொடுத்து, "இனிமே எந்த வேலை எந்த மிஷினுக்குன்னு நீங்களே எழுதிடுங்க, உங்களுக்குத்தான் ரெண்டும் தெரியும்" என்றார். அன்றிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. லேத் என்று எழுதினால் அண்ணி என்னைப் பார்க்காமல் தட்டைக் கழுவுவார். மில்லிங் என்று எழுதினால் என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார்.

பெரும்பாலான வேலைகளில் யோசிக்க ஒன்றும் இருக்காது. தண்டைச் சுற்றி வளையம் போலப் பள்ளம் வேண்டுமா, லேத். தண்டின் முதுகில் நீளவாட்டில் வேண்டுமா, மில்லிங். இந்தப் பள்ளத்துக்குத்தான் காடி என்று பெயர். அகலக் காடியை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். ஒன்றரை எம்.எம். அகலம் என்று வரும்போதுதான் சங்கடம். காடி எவ்வளவு ஒடுக்கமோ கத்தியும் அவ்வளவு மெலிதாக இருந்தாக வேண்டும். மெலிந்த கத்தி கொஞ்சம் அதிர்ந்தாலும் கீச்சென்று கத்தும், அடுத்த நொடி ஒடியும். அந்தச் சத்தம் கேட்டால் மொத்தப் பட்டறையும் திரும்பிப் பார்க்கும். ஒடித்தவருக்கு அன்று முழுக்க டீ இறங்காது.

லேத்துக்கு அடியில் ஒரு பழைய பலகை கிடக்கும். தடித்த பலகை, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போனது. அதன்மேல் எண்ணெய் டப்பாவை வைத்திருப்பார் என் வீட்டுக்காரர். கூட்டுகிறபோதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும். "இந்தச் சனியனைத் தூக்கிப் போடக் கூடாதா?" என்று நானும் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "இருந்துட்டுப் போகட்டும், உனக்கு என்ன பண்ணுது?" என்பார். அவர் எதையும் தூக்கிப் போடாத ஜாதி, வீட்டில் ஓடாத கடிகாரம் மட்டும் நான்கு இருக்கிறது. அதனால் நானும் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் முதலாளி ஒரு புது மிஷின் வாங்க முடிவு செய்தார். கணக்குப் போட்டுக் கொடுத்தால் தானே வெட்டும் கம்ப்யூட்டர் மிஷின். அதை வைக்க இடம் வேண்டும். டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"லேத்து, மில்லிங், ரெண்டுல ஒண்ணு போயாகணும். எனக்கு வேற வழி தெரியல" என்றார். சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் டேப்பைப் பார்த்தார், நல்ல மனுஷன்.

பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "அண்ணே, புது மிஷினுக்கு ஒரு ஆள் வேணும். ஆறு வாரம் வெளியூர்ல போய்க் கத்துக்கணும். போறீங்களா?" என்று கேட்டார். அது மூன்றாவது தடவை.

"பொத்தானை அமுக்குறதுக்கு நான் எதுக்கு?" என்றார் இவர். மூன்று தடவையும் அதே பதில். அது வீறாப்பு இல்லை, பயம். எனக்குத் தெரியும். ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால்கூட என்னிடம் நீட்டுகிறவர் அவர்.

"நான் போகட்டுமா?" என்றார் அண்ணி.

"அங்க நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல சேர்த்துக்க மாட்டாங்கக்கா." அண்ணிக்கு ஐம்பது முடிந்து இரண்டு வருஷம். இவருக்கு நாற்பத்து நான்கு.

எந்த மிஷின் போவது என்பதை ஒரு வேலை முடிவு செய்யட்டும் என்றார் முதலாளி. தண்ணீர் பம்புக்குள் போகும் எஃகு வளையங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், ஆனால் சுவர் மட்டும் அப்பளக் கனத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. வெளிப்பக்கத்தைச் சுற்றி ஒன்றரை எம்.எம். அகலத்தில் ஒரு காடி வெட்ட வேண்டும், அதற்குள் ரப்பர் வளையம் உட்காரும். சுற்று முழுவதும் ஆழம் ஒன்றுபோல இல்லாவிட்டால் தண்ணீர் கசியும். முதலில் ஆறு வளையம், நன்றாக வந்தால் மாதம் இருநூறு. மூன்று லேத்துக்கு, மூன்று மில்லிங்குக்கு. எது நன்றாக வெட்டுகிறதோ அந்த மிஷின் இருக்கும். மற்றதை ஓட்டுகிறவர் பேக்கிங் மேஜைக்குப் போகலாம். இருபது வருஷத்துக்கு மேல் மிஷின் ஓட்டியவரை அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டச் சொல்வதை வேலை என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அளக்கப் போவது நான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பதினோரு மணிக்கெல்லாம் மூன்றையும் முடித்துவிட்டார். லேத்தில் துண்டைப் பிடிக்கும் சக்கின் மூன்று தாடைகளையும் வளையத்துக்குள் நுழைத்து, வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்து, கத்தியை இறக்கினார். சத்தமே இல்லை. சுருள் சுருளாகச் சீவல் வந்து விழுந்தது. காடி கண்ணாடி போல மின்னியது. "பார்த்தியா?" என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அண்ணி அவ்வளவு நேரமும் முதல் வளையத்தின் கிளாம்ப்பைத்தான் முடுக்கிக்கொண்டிருந்தார். சுழலும் மேஜையில் வளையத்தைப் படுக்கவைத்து, மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கிப் பிடித்திருந்தார். பக்கவாட்டிலிருந்து மெல்லிய பல் சக்கரம் ஒன்று வளையத்தைத் தொட, மேஜையை இம்மி இம்மியாகக் கையால் சுற்றினார். ஒரு வளையத்துக்கு ஒரு மணி நேரம். மூன்றையும் என் மேஜையில் வைக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. "பசிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் அளக்க உட்கார்ந்தேன். அண்ணியின் வளையங்கள் சுற்றிலும் ஒரே ஆழம். மூன்றாவதில் மட்டும் அகலம் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது, தாண்டவில்லை. அடுத்து என் வீட்டுக்காரருடையது. முதல் இடத்தில் சரி. கொஞ்சம் திருப்பினேன், ஆழம் ஒரு தலைமுடியளவு அதிகம். மறுபடி திருப்பினேன், சரி. மறுபடி, அதிகம். ஒரு சுற்றில் மூன்று இடம். மூன்று வளையத்திலும் அதேதான்.

ஏன் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மெலிந்த வளையத்தை மூன்று தாடை உள்ளிருந்து தள்ளினால் மூன்று இடத்தில் அது பிதுங்கும். பிதுங்கிய இடத்தில் கத்தி ஆழமாக இறங்கும். தாடையைத் தளர்த்தியதும் வளையம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், காடி கெட்டது கெட்டதுதான். மூன்று தாடைச் சக்கில் பிடிக்காத துண்டே உலகத்தில் கிடையாது என்பது இவருடைய நம்பிக்கை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சும்மாவா சொன்னார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஜையில் நான், ஆறு வளையம், ஒரு தாள், ஒரு பேனா. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பத்து நிமிஷம் நான் நல்லவளாக இல்லை. தலைமுடியளவுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இவர் பேக்கிங் மேஜையில் டேப் ஒட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அண்ணி ஒண்டிக்கட்டை, எப்படியும் சமாளித்துக்கொள்வார் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"என்ன, எழுதாம உட்கார்ந்திருக்கே?" அண்ணி வந்து நின்றார். இவருடைய வளையம் ஒன்றை எடுத்து, நகத்தைக் காடிக்குள் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். மைக்ரோமீட்டர் வைத்து நான் அரை மணி நேரம் பார்த்ததை அவர் நகம் அரை நிமிஷத்தில் பார்த்துவிட்டது.

"மூணு இடத்துல இறங்கியிருக்கு."

"ஆமா அண்ணி."

அப்போது இவரும் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ரிங்கே கோணலா வந்திருக்கும்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அண்ணியின் வளையத்தை அவர் பக்கம் தள்ளினேன். தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "சரி. நீ உள்ளதை எழுது" என்றார் என்னிடம். அந்த ஒரு வார்த்தைக்காக அவரிடம் எனக்கிருந்த பாதிக் கோபம் போய்விட்டது.

நான் பேனாவை எடுத்தேன். அண்ணி தாளின்மேல் கையை வைத்தார்.

"எழுதாதே. இது லேத்து வேலை."

"அண்ணி, உங்களதுதான் சரியா இருக்கு."

"இருக்கு. மூணு ரிங் வெட்டினதுக்கே சக்கரத்துப் பல்லு மழுங்கிப் போச்சு, மூணாவதுல அகலம் பார்த்தியா? நாலாவது தேறாது. மாசம் இருநூறு எங்கிருந்து வெட்டுறது? வட்டமான சாமான்ல சுத்தி வர்ற காடின்னா லேத்துதான். மிஷின் மேல தப்பில்ல, இவன் பிடிச்ச விதம்தான் தப்பு." பிறகு தம்பியைப் பார்த்தார். "டேய், உள்ளேருந்து நெரிக்காதே. மேலேருந்து அமுக்கு. அதுக்கு ஒரு தட்டு வேணும், நான் பண்ணித் தர்றேன்."

"உனக்கு என்ன பைத்தியமாக்கா? அந்தத் தட்டைப் பண்ணிக் குடுத்தா உன் மிஷின் போயிடும்."

"தெரியாமலா சொல்றேன்? தப்பான மிஷினை வெச்சுக்கிட்டு வர்ற காடியெல்லாம் கசிஞ்சுட்டு இருக்கச் சொல்றியா? போய் வேலையைப் பாரு."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதையும் ஒரு நூல் பிசகாமல் அளந்து போடுகிறவரை அன்றுதான் பார்த்தேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். தடித்த ஒரு தட்டு, அதன்மேல் வளையம் உட்கார ஒரு படி, மேலிருந்து அமுக்க இன்னொரு தட்டு, சுற்றி ஆறு போல்ட். முடித்ததும் லேத்தில் தானே மாட்டினார். லேத்தின் கைப்பிடிகளை அவர் தள்ளுவதையும் இழுப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். எதையும் தேடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சமையலறையில் உப்பு எடுப்பது போல எடுத்தார்.

"உங்களுக்கு லேத்து ஓட்டத் தெரியுமா அண்ணி?"

"எங்கப்பா இதே மிஷின்லதானே இருந்தார். ஸ்கூல் விட்டா நேரா இங்கதான். இவன் பட்டறைப் பக்கமே வரமாட்டான், சத்தம்னா பயம்."

"அப்போ அவருக்கு எப்படி..."

"அப்பா போனப்புறம் காலியானது ஒரு இடம்தான். இவனுக்கு வேற எந்த வேலையும் ஒட்டல. எனக்கு மூலைல சும்மா கிடந்த மில்லிங் இருந்துச்சு. அப்போ இருந்த பெரிய முதலாளிகிட்ட, இவரோட அப்பாகிட்ட, நான்தான் சொன்னேன், லேத்தை அவனுக்குக் குடுங்கன்னு." போல்ட்டை மூன்றாவது தடவை முடுக்கினார். "அவனுக்கு இதெல்லாம் தெரியாது. நீயும் போய் உளறாதே."

தட்டு மாட்டிய லேத்தில் இவர் புதிதாக மூன்று வளையம் வெட்டினார். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம். சுற்றிலும் ஒரே ஆழம், ஒரே அகலம். நான் உள்ளதை எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, "அப்போ லேத்து இருக்கட்டும்" என்றார். "ஆமா, அதுதான் சரி" என்றார் அண்ணி. "நாளன்னைக்கு வண்டி வருதுக்கா. நீங்க பேக்கிங்ல..." என்று முதலாளி இழுத்தார். "வர்றேன்" என்றார் அண்ணி.

வண்டி வருவதற்கு முதல் நாள் அவர் மில்லிங் மிஷினைத் துடைத்தார். திருகு இடுக்கில் இருந்த தூசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தார், எண்ணெய் பூசினார், கடைசியில் மேஜையை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தார். வீட்டில் அவர் வழக்கம்போல வாரப் பத்திரிகைத் தொடரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். நான்தான் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, செய்தித்தாளையும் தொடவில்லை.

மிஷின் போன மறுநாள் காலை. இருநூறு வளையமும் வந்து இறங்கிவிட்டன. நான் புது அட்டையை எடுத்து, மிஷின் என்ற இடத்தில் லேத் என்று எழுதினேன். அதற்குக் கீழே ஓட்டுகிறவர் பெயர். அண்ணி சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் பேக்கிங் மேஜைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"என் பேரை எழுதாதே" என்றார் இவர், என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"பின்னே யார் பேரை எழுதுறது?"

இவர் முதலாளியின் அறை வாசலுக்குப் போனார். "அந்த ஆறு வாரம் எப்போ ஆரம்பிக்குது? நான் போறேன்." முதலாளி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் திரும்பி வந்து லேத்துக்கு முன்னால் குனிந்தார். எண்ணெய் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். அடியில் கிடந்த பலகையை இழுத்தார். தரையில் தட்டினார், சீவலும் தூசியும் கொட்டின. துணியால் துடைத்து, லேத்துக்கு முன்னால், நிற்கிற இடத்தில் போட்டார்.

அப்போதுதான் அதன் மேல்பக்கத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். நடுவில் இரண்டு இடம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இவர் கால் அளவு இல்லை. ஒரு சின்னப் பெண் தினமும் ஏறி நின்றால் தேய்கிற அளவு.

அண்ணி பாதி வழியில் நின்றுவிட்டார். "இதை இன்னுமா வெச்சிருக்கே?"

"உனக்குக் கைப்பிடி எட்டாதுன்னு அப்பா போட்டது. நீ இதுமேல நின்னு ஓட்டுறதை வாசல்லேருந்து பார்த்திருக்கேன். எல்லாம் தெரியும்க்கா. நீயா வந்து கேட்பேன்னு இருந்தேன். நீ கேட்கல, நானும் குடுக்கல." பலகையைக் காலால் லேத்தோடு ஒட்டித் தள்ளினார். "வந்து நில்லு."

அண்ணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அட்டையில் அவர் பெயரை எழுதி லேத்தில் செருகினேன். அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாக வந்தது, செக்கிங்கில் தேறாது.

அவர் வந்து பலகையில் ஒரு காலை வைத்தார். அழுத்தினார். மூன்று தடவை.

"ஆடுது" என்றார்.

என் வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டு, ஒரு தகட்டுத் துண்டை மடித்துப் பலகையின் அடியில் செருகினார். "இப்போ?"

அண்ணி ஏறி நின்று உடம்பை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ ஆடல" என்றார். முதல் வளையத்தை எடுத்து மாட்டினார்.